வெல்ஷிலும் கார்னிஷிலும் தேனீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெல்ஷ் படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்ட சொல், தேனீக்கான சொல். அதைத் தொடர்ந்து போனபோது இலக்கணம், சட்டம், வழிபாடு, மது, ஒரு மொழியின் மரணம், அதன் மறுபிறப்பு என்று பல கதவுகள் திறந்தன. நண்பர்களும் வாசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அயல்சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ‘க்வெ’ என்று வரும் இடங்களில் ‘க’வை ‘தங்கம்’ என்ற சொல்லில் வரும் ‘க’வைப் போல ஒலிக்க வேண்டும்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்: தேனீக்கு என்ன சொல்?

வெல்ஷில் தேனீக்கள் ‘க்வெனின்’. ஒரே ஒரு தேனீ ‘க்வெனனென்’. கார்னிஷில் தேனீக்கள் ‘க்வெனென்’. ஒரு தேனீ ‘க்வெனெனென்’. இவற்றின் உடன்பிறப்பான பிரெத்தோன் மொழியில் ‘க்வெனன்’, ‘க்வெனானென்’. மூன்றும் ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள் என்பது காதில் விழுந்தவுடனே தெரிந்துவிடும்.

இந்த மொழிகள் எங்கே பேசப்படுகின்றன?

பிரிட்டன் தீவின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டின் மொழி வெல்ஷ். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 5,38,000 பேர், அதாவது மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 17.8 விழுக்காட்டினர், வெல்ஷ் பேசுகிறார்கள். தீவின் தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வாலின் மொழி கார்னிஷ். கடலுக்கு அப்பால், பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரித்தானியில் பேசப்படுவது பிரெத்தோன். ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் பிரிட்டனின் தென்மேற்கிலிருந்து கடல் கடந்தவர்கள் கொண்டுபோன மொழி அது. அதனால்தான் கார்னிஷுக்கு மிக நெருங்கிய உறவு வெல்ஷைவிடப் பிரெத்தோன்தான்.

ஒன்றைக் குறிக்கும் சொல் நீளமாகவும் பலவற்றைக் குறிக்கும் சொல் குட்டையாகவும் இருக்கிறதே, தலைகீழாக எழுதிவிட்டீர்களா?

இல்லை. இந்த மொழிகளில் எனக்கு மிகவும் பிடித்த பண்பே இதுதான். நமக்குப் பழக்கமான முறையில் முதலில் ஒன்று. அதனோடு விகுதி சேர்த்தால் பல: தேனீ, தேனீக்கள். வெல்ஷில் சில பெயர்களுக்கு அடிச்சொல் கூட்டத்தைத்தான் குறிக்கிறது. கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால்தான் விகுதி தேவைப்படுகிறது. ‘க்வெனின்’ என்றால் தேனீக் கூட்டம், தேனீ என்னும் இனம். அதோடு ‘என்’ சேர்த்தால் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

தமிழர்களுக்கு இது அவ்வளவு அந்நியமான எண்ணம் இல்லை. நாம் ‘நெல்’ என்கிறோம். ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் ‘நெல்மணி’ என்கிறோம். ‘மணல்’ என்றால் மொத்தம். ஒன்றுக்கு ‘மணல் துகள்’. நமக்குத் தனிச்சொல்லைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வெல்ஷுக்கு ஒரு விகுதி போதும். பெண்பாலுக்கு ‘என்’, ஆண்பாலுக்கு ‘இன்’. மரங்கள் ‘கோய்ட்’, ஒரு மரம் ‘கோய்டென்’. விண்மீன்கள் ‘சேர்’, ஒரு விண்மீன் ‘செரென்’. பறவைகள் ‘ஆடர்’, ஒரு பறவை ‘அடெரின்’. குழந்தைகள்கூட அப்படித்தான்: ‘பிளான்ட்’ என்றால் குழந்தைகள், ‘பிளென்டின்’ என்றால் ஒரு குழந்தை. கார்னிஷிலும் பிரெத்தோனிலும் இதே ஏற்பாடு உண்டு.

எல்லாப் பெயர்களுக்கும் இது பொருந்தாது. நாய், வீடு, மனிதன் எல்லாம் வழக்கம்போல ஒருமையில் தொடங்குகின்றன. கூட்டமாகவே கண்ணில் படுபவைதாம் இந்த வகைக்குள் வருகின்றன: மரம், விண்மீன், எறும்பு, மீன், இலை. தேனீயைத் தனியாகப் பார்க்கும்போதும் அதன் கூட்டத்தை நினைவில் வைத்துப் பேசுகிறார்கள். தேனீ வளர்த்தவர்கள் அமைத்த இலக்கணம் என்றே இது எனக்குத் தோன்றுகிறது. கூட்டத்தை இழந்த தேனீ அதிக நாள் வாழ்வதில்லை அல்லவா?

எப்படி உச்சரிக்க வேண்டும்?

கடைசிக்கு முந்தைய அசையை அழுத்திச் சொல்லுங்கள். ‘க்வெனின்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. ‘க்வெனனென்’ என்று நீளும்போது அழுத்தம் நடு அசைக்கு நகர்கிறது. அதோடு உயிரும் மாறுகிறது: எழுத்தில் இரண்டிலும் ‘ஒய்’தான், கடைசி அசையில் அது ‘இ’யாக ஒலிக்கிறது, நடுவில் மங்கலான ‘அ’வாக ஒலிக்கிறது. வடக்கு வேல்ஸில் அந்த ‘இ’ இன்னும் உள்ளே இழுக்கப்பட்டு, நம் குற்றியலுகரத்தின் பக்கமாகப் போகும்.

அகராதியில் ‘க்வெனனென்’ என்று பார்த்தேன். ஆனால் ஒரு வாக்கியத்தில் ‘வெனனென்’ என்று வந்தது. எது சரி?

இரண்டும் சரி. வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன், ஐரிஷ் எல்லாம் அடங்கிய கெல்டிக் குடும்பத்து மொழிகளைப் படிக்க வருபவர் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்: சொல்லின் முதலெழுத்து அதற்கு முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து மாறும். ‘அந்த’ என்ற பொருள் தரும் சுட்டுக்குப் பின்னால் பெண்பால் ஒருமைப் பெயர் வந்தால் அதன் முதல் மெய் மெலியும். ‘ஜி’யில் தொடங்கும் சொல்லானால் அந்த எழுத்து அடியோடு மறைந்துவிடும். ஆகவே ‘அந்தத் தேனீ’ என்பது ‘அ வெனனென்’. பன்மைக்கு இந்த மாற்றம் கிடையாது. ‘அந்தத் தேனீக்கள்’ என்றால் ‘அ க்வெனின்’. கார்னிஷிலும் அச்சு அசலாக இதே விதி: ‘அன் வெனெனென்’ அந்த ஒரு தேனீ, ‘அன் க்வெனென்’ அந்தத் தேனீக்கள்.

அகராதியில் ‘டபிள்யூ’ பக்கத்தில் தேடி ஏமாந்தவர்கள் பலர். நானும் தேடியிருக்கிறேன். சொல் ‘வெ’ என்று தொடங்கினால் முன்னால் ஒரு ‘ஜி’யைச் சேர்த்துத் தேடுங்கள்.

மெலிந்த வடிவம்தான் மூத்த வடிவத்துக்கு நெருக்கமானது. வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் மூன்றுக்கும் தாயான பழைய பிரித்தானிய மொழியில் சொல் தொடக்கத்தில் இருந்தது வெறும் ‘வ’ ஒலி. பிற்காலத்தில் அதன் முன்னால் ஒரு ‘க்’ முளைத்தது. லத்தீனிலிருந்து வந்த திராட்சை மதுவுக்கான ‘வீனும்’ வெல்ஷில் ‘க்வின்’ ஆனது இப்படித்தான். மெலியும் இடங்களில் மட்டும் அந்தப் புது மெய் ஒட்டாமல் போயிற்று.

புணர்ச்சி விதிகளோடு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது மற்றவர்களைவிட எளிது. ‘பகல்’ என்ற சொல்லில் நடுவிலுள்ள ‘க’வை நாம் வன்மையாக உச்சரிப்பதில்லை, இரண்டு உயிர்களுக்கு நடுவே அது தானாக மெலிகிறது. வெல்ஷிலும் தொடக்கத்தில் நடந்தது அதுதான். சொல்லுக்குள் மட்டுமல்லாமல் சொல்லும் சொல்லும் சேரும் இடத்திலும் நடந்தது. மெலிவை உண்டாக்கிய பழைய உயிர் காலப்போக்கில் உதிர்ந்துபோயிற்று. மெலிவு மட்டும் நிலைத்து இலக்கணமாகிவிட்டது. நாம் அந்த மாற்றத்தை எழுதுவதில்லை; அவர்கள் எழுதுகிறார்கள்.

தேனீக்களை எண்ணுவது எப்படி?

எண்ணுக்குப் பின்னால் ஒருமைதான் வரும். பத்து மரம், நாலு வீடு என்று நாம் பேசுவது போலவே. பெண்பாலுக்குத் தனி எண்ணுப்பெயர் உண்டு: இரண்டு தேனீ ‘துய் வெனனென்’ (மெலிகிறது), மூன்று தேனீ ‘தைர் க்வெனனென்’ (மெலிவதில்லை). கார்னிஷில் ‘தியூ வெனெனென்’, ‘தெய்ர் க்வெனெனென்’. எண்ணிக்கை பெரிதானால் ‘இத்தனை’ என்று சொல்லிவிட்டுக் கூட்டப்பெயரைப் போட்டுவிடலாம்.

கார்னிஷ் அழிந்துபோன மொழி ஆயிற்றே. தேனீக்கான சொல் எப்படித் தப்பியது?

ஒரு சொற்பட்டியலால். ஏறத்தாழ 1100ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட லத்தீன்–கார்னிஷ் சொற்கோவை ஒன்று இருக்கிறது; அதன் கையெழுத்துப் படி இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதற்கு முன்மாதிரி, ஏல்ஃப்ரிக் என்ற ஆங்கிலேயத் துறவி லத்தீன் கற்பிப்பதற்காகத் தொகுத்த லத்தீன்–ஆங்கிலச் சொல்வரிசை. அதை எடுத்து, ஆங்கிலச் சொற்கள் இருந்த இடத்தில் தன் தாய்மொழிச் சொற்களை யாரோ ஒருவர் எழுதி வைத்தார். கடவுளில் தொடங்கி, வானம், மனித உடல், தொழில்கள், பறவைகள், மீன்கள் என்று துறைவாரியாகப் போகிறது அந்த நூல். நம் நிகண்டுகளைப் புரட்டியவர்களுக்கு அந்த அடுக்கு உடனே பிடிபடும். அதில் தேனீக்கான லத்தீன் சொல்லுக்கு எதிரே நிற்பது ‘க்வெனெனென்’. இன்றைய கார்னிஷ் பேசுபவர் சொல்வதும் அதே சொல்தான்.

இடையில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கார்னிஷ் மெல்ல மெல்ல மேற்கு நோக்கி ஒதுங்கியது. 1700இல் வெல்ஷ் அறிஞர் எட்வர்ட் லூயிட் கார்ன்வாலுக்கு வந்து, அப்போது அதைப் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1707இல் வெளியிட்ட தம் பெருநூலில் கெல்டிக் மொழிகளின் சொற்களை அருகருகே வைத்துக் காட்டினார். மவுசோல் என்ற மீனவ ஊரைச் சேர்ந்த டாலி பென்ட்ரீத் 1777இல் இறந்தார். கார்னிஷைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர்களில் ஒருவராக அவரை நினைவுகூர்கிறார்கள். 1904இல் ஹென்றி ஜென்னர் கார்னிஷ் கையேட்டை வெளியிட்டதும் மறுமலர்ச்சி தொடங்கியது. 2002இல் பிரிட்டன் அரசு, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தின் கீழ் அந்த மொழியை ஏற்றது. 2008இல் பொது எழுத்துமுறைக்கு உடன்பாடு வந்தது. ‘அழிந்த மொழி’ என்று வகைப்படுத்தியிருந்த யுனெஸ்கோ 2010இல் அதை மாற்றிக்கொண்டது. 2011 கணக்கெடுப்பில் 557 பேர் கார்னிஷைத் தங்கள் முதன்மை மொழியாகப் பதிந்தார்கள்.

ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயரில்லாத ஒருவர் மாணவர்களுக்காக எழுதிய ஒரு வரி, இன்று ஒரு குழந்தை தோட்டத்தில் தேனீயைப் பார்த்துச் சொல்லும் சொல்லாக இருக்கிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெகிழ்ச்சி குறைவதில்லை.

அயர்லாந்தும் கெல்டிக் நாடுதானே. அங்கேயும் இதே சொல்லா?

இல்லை. ஐரிஷில் தேனீ ‘ப்யாஹ்’. பழைய வடிவம் ‘பெஹ்’. ஸ்காட்லாந்தின் கேலிக்கில் ‘ஷெல்யன்’, மேன் தீவில் ‘ஷெலன்’. கெல்டிக் குடும்பம் இரண்டு கிளைகளாகப் பிரிந்ததைத் தேனீயை வைத்தே காட்டிவிடலாம். ஆனால் வெல்ஷில் ஆண் தேனீக்கு ‘பெகெகிர்’ என்ற பழஞ்சொல் ஒன்று உண்டு. அதன் முற்பகுதியை ஐரிஷ் ‘பெஹ்’ என்பதன் உறவாகச் சொற்பிறப்பியலார் காண்கிறார்கள்.

‘க்வென்’ என்றால் வெண்மை என்று படித்தேன். தேனீ என்றால் ‘வெள்ளைப் பூச்சி’யா?

‘க்வின்’ வெண்மையையும் புனிதத்தையும் குறிக்கும் சொல். அதன் பெண்பால் வடிவம் ‘க்வென்’. பல வெல்ஷ் பெண்பெயர்களில் அது இருக்கிறது. காதுக்கு ஒன்றாகப் படுவதாலேயே தேனீயை அதோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. ஒலி ஒற்றுமை வேர் உறவுக்குச் சான்றாகாது.

அதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இன்னொரு சொல் இருக்கிறது: ‘க்வென்வின்’. தேனீக்களுக்கும் இதற்கும் எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் பொருள் நஞ்சு! லத்தீனில் நஞ்சைக் குறித்த ‘வெனேனும்’ வெல்ஷ் வாய்க்குள் புகுந்து இப்படி ஆயிற்று. கடைக்காரரிடம் பேசும்போது தடுமாறிவிடாதீர்கள்.

தேனுக்கும் தேனீக்கும் சொல்லளவில் தொடர்பு உண்டா?

நமக்கு உண்டு: தேனை உண்டாக்கும் ஈ, தேனீ. அவர்களுக்கு இல்லை. தேன் வெல்ஷில் ‘மேல்’. உச்சரிப்பில் நம் ‘மேலே கீழே’யில் வரும் ‘மேல்’ போலவே இருக்கும். கார்னிஷிலும் பிரெத்தோனிலும் அதே சொல், லத்தீனிலும் அதே வேர். பலவகைத் தேனீக்களில் தேன் தரும் தேனீயைத் தனித்துச் சொல்ல ‘க்வெனனென் வேல்’ என்பார்கள். பெண்பால் பெயரைத் தொடர்ந்து வருவதால் ‘மேல்’ மெலிந்து ‘வேல்’ ஆகிவிட்டது. பன்மையில் மெலிவு இல்லை: ‘க்வெனின் மேல்’. திருமணத்துக்குப் பிந்திய நாட்களை நாம் தேனிலவு என்கிறோம். அவர்கள் ‘மிஸ் மேல்’, தேன் மாதம் என்கிறார்கள்.

தேனைப் புளிக்கவைத்து வடிக்கும் மதுவுக்கு வெல்ஷிலும் கார்னிஷிலும் ‘மேத்’, பிரெத்தோனில் ‘மேஸ்’ என்று பெயர். இந்தச் சொல்லைத் தமிழர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதுவும் சமஸ்கிருத ‘மது’வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிறந்தவை, அந்த ‘மது’வைத்தான் நாம் கடன் வாங்கி மதுரம், மதுக்கடை என்றெல்லாம் வழங்குகிறோம். வேல்ஸின் மலைக் கிராமத்தில் ஒருவர் ‘மேத்’ என்று சொல்லும்போது நம் வாயிலுள்ள ஒரு சொல்லின் தூரத்து உறவைத்தான் சொல்கிறார்.

பழைய வெல்ஷ் கவிதையான ‘அ கொடோதின்’, கட்ரைத் என்ற இடத்தில் போரிட்டு மாண்ட வீரர்களைப் பாடுகிறது. போருக்கு முன் ஓராண்டு அரசனின் மண்டபத்தில் அவர்கள் தேன்மது அருந்தினார்கள். அவர்கள் உண்ட விருந்து மேத், அதுவே நஞ்சாயிற்று என்று ஓர் அடி சொல்கிறது. அந்த நஞ்சுக்குக் கவிஞர் எடுத்தாண்ட சொல், மேலே சொன்ன ‘க்வென்வின்’.

ஆண் தேனீ, ராணித் தேனீ?

உழைக்காமல் உண்ணும் ஆண் தேனீக்கு வெல்ஷில் ‘க்வெனனென் ஒர்மெஸ்’ என்றொரு பெயர். ‘கோர்மெஸ்’ என்றால் ஒடுக்குமுறை, அந்நியர் படையெடுத்து வந்து நாட்டின் மேல் உட்கார்ந்துகொள்வது. பழைய வெல்ஷ் கதைகளில் தீவைப் பீடித்த கொடுமைகளுக்கு வழங்கிய அதே சொல் அது. பாவம் அந்த ஆண் தேனீ! கார்னிஷில் ‘சுட்ரோனென்’, இதுவும் அந்தப் பழைய சொற்கோவையில் இருக்கிறது.

ராணிக்கு இன்று வெல்ஷில் ‘பிரென்ஹினெஸ்’, அரசி என்றே பெயர்.

குளவிக்கும் பெரிய வண்டுத் தேனீக்கும் என்ன சொல்வார்கள்?

இங்கே ஊருக்கு ஊர் வழக்கு மாறும். குளவிக்குப் பரவலான பெயர் ‘க்வெனின் மெய்ர்ஹ்’. நேர்ப்பொருள் குதிரைத் தேனீ. தெற்கில் ‘பிக்குன்’ என்பார்கள். ‘காகுன்’ என்ற சொல் ஓரிடத்தில் குளவியையும் இன்னோரிடத்தில் உடல் முழுக்க மயிர் அடர்ந்த பம்பிள் தேனீயையும் குறிக்கும். வெல்ஷில் ஒருவருக்குத் தலைகால் புரியாமல் கோபம் வந்தால் ‘காகுனாகக் கொதித்துவிட்டார்’ என்பது வழக்கு.

பம்பிள் தேனீக்கு ‘காஹ்கி பும்’ என்றொரு நாட்டுவழக்கும் உண்டு. ‘காஹ்கி’ கோழையைத் திட்டும் சொல். ‘பும்’ அதன் ரீங்காரம். இரைச்சல் பெரிது, கொட்டுவது அரிது என்பதைக் கவனித்து வைத்த பெயராகவே எனக்குப் படுகிறது. கார்னிஷில் குளவி ‘கோஹியென்’.

கூட்டுக்கு?

வெல்ஷில் தேன்கூட்டுப் பெட்டி ‘கூஹ் க்வெனின்’. ‘கூஹ்’ என்பது படகுக்கும் பெயர். வைக்கோலைத் திரித்துப் பின்னிக் கவிழ்த்து வைத்த பழைய கூட்டைப் படத்தில் பார்த்தால், கவிழ்த்துப் போட்ட சிறு பரிசல் போலத்தான் இருக்கும். கார்னிஷில் ‘கொவெல் க்வெனென்’, தேனீக் கூடை. பிரெத்தோனில் ‘ருஸ்கென்’; மரப்பட்டைக்கான சொல்லிலிருந்து வந்தது. படகு, கூடை, பட்டை: எதைக் கொண்டு செய்தார்கள், எதைப் போலத் தோன்றியது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் நினைவில் வைத்திருக்கிறது.

பழைய வெல்ஷ் சட்டத்தில் தேனீக்களுக்கு விலை குறித்திருந்தார்களாமே?

ஆம். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹைவெல் தா என்ற அரசரின் பெயரில் வழங்கும் சட்டத் தொகுதி பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலான கையெழுத்துப் படிகளில் நமக்குக் கிடைக்கிறது. ஆடு, மாடு, பூனைக்கெல்லாம் விலை சொல்லும் அந்தச் சட்டத்தில் தேனீக்களுக்குத் தனிப் பகுதி உண்டு. தாய்க்கூட்டின் விலை 24 பென்னி. அதிலிருந்து முதலில் பிரிந்து பறக்கும் கூட்டம் 16, இரண்டாவது 12, மூன்றாவது 8. தேனீ வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கின் நியாயத்தை உடனே ஒப்புக்கொள்வார்கள். முதலில் பிரியும் கூட்டம் பெரியது. பருவத்தின் தொடக்கத்திலேயே கிளம்புவதால் குளிருக்கு முன் தேன் சேர்த்துக்கொள்ள அதற்கு நாள் இருக்கிறது. பின்னால் கிளம்புபவை சிறியவை, பிழைப்பது கடினம்.

சட்டத்தின் கலைச்சொற்கள்தாம் எனக்குப் பொக்கிஷம். பிரிந்து செல்லும் கூட்டம் ‘ஹைட்’. முதல் கூட்டம் ‘கன்ஹைட்’. இரண்டாவது ‘தார்வ்ஹைட்’, அதாவது ‘காளைக் கூட்டம்’. தாய்க்கூடு ‘மொட்ரடவ்’, காட்டுத் தேனீக்களின் கூட்டைக் குறிக்கும் ‘படவ்’ என்பதோடு தாயைக் குறிக்கும் பழைய அடி சேர்ந்த சொல் அது. அதே அடி இன்றைய வெல்ஷில் அத்தை, சித்தியைக் குறிக்கும் ‘மோட்ரிப்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. நாமும் தாய்க்கூடு என்றுதானே சொன்னோம்!

இந்த ‘ஹைட்’ என்பதற்குக் கார்னிஷில் ‘ஹேஸ்’, பிரெத்தோனில் ‘ஹேட்’. வெல்ஷிலும் பிரெத்தோனிலும் ‘ட்’ முடிவது கார்னிஷில் ‘ஸ்’ ஆகும் என்பது விதி: தந்தை வெல்ஷில் ‘தாட்’, கார்னிஷில் ‘தாஸ்’, காடு ‘கோய்ட்’, ‘கோஸ்’. இந்த ஒரு விதி தெரிந்தால் வெல்ஷ் அறிந்தவர் கார்னிஷ் பக்கத்தில் பாதியை ஊகித்துவிடலாம்.

தேனீக்கள் சொர்க்கத்திலிருந்து வந்தவை என்று எழுதியிருப்பதும் அந்தச் சட்டத்தில்தானா?

அதே சட்டத்தில், விலைக்கு முன்னால். தேனீக்களின் குலம் சொர்க்கத்தைச் சேர்ந்தது. மனிதன் செய்த பாவத்தால் அவை அங்கிருந்து வந்தன. கடவுள் அவற்றுக்குத் தம் அருளை வழங்கினார். ஆகையால் மெழுகு இல்லாமல் திருப்பலி பாட முடியாது. இதுதான் அந்தப் பகுதியின் சாரம். குலம் என்று நான் எழுதிய இடத்தில் வெல்ஷ் சொல் ‘பொனெத்’: குடிப்பிறப்பு, வமிசம். புனிதர்களின் வமிசாவளிக்கு வழங்கிய அதே சொல்லை ஒரு பூச்சிக்கு வழங்கியிருக்கிறார்கள். பீடத்தில் எரியும் மெழுகுவத்தி தேனீயிடமிருந்து வந்ததால் அந்த மதிப்பு. மெழுகு வெல்ஷில் ‘கூயிர்’, பிரெத்தோனில் ‘கோவார்’. இரண்டும் லத்தீன் ‘சேரா’விலிருந்து, தேவாலய வழியாக வந்திருக்கக்கூடிய சொற்கள். தேனுக்கு நாட்டுச் சொல், மெழுகுக்கு லத்தீன் சொல்.

அரசவைக்கும் தேனீ வேண்டியிருந்தது. சட்டம் பட்டியலிடும் 24 அரண்மனை அலுவலர்களில் தேன்மது வடிப்பவரும் ஒருவர். அவர் பதவிப்பெயர் ‘மெதித்’.

அயர்லாந்துக்குத் தேனீக்களைக் கொண்டுபோன புனிதர் யார்?

மொடொம்னொக் என்ற ஐரிஷ் துறவி. வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டின் மடத்தில் தேனீக்களைப் பார்த்துக்கொண்டவர். ஊர் திரும்பக் கப்பலேறியபோது தேனீக் கூட்டம் பின்தொடர்ந்து வந்து கப்பலில் இறங்கியது. மடத்துக்கு நட்டம் வரக் கூடாதென்று அவர் திரும்பிப்போய் அவற்றை விட்டு வந்தார். அவை மறுபடியும் வந்தன. கடைசியில் டேவிட் தேனீக்களை ஆசீர்வதித்து அவரோடு அனுப்பினார். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ரிகிவார்ஹ் எழுதிய டேவிட்டின் வரலாற்றில் இந்தக் கதை இருக்கிறது. அயர்லாந்தில் அதற்கு முன் தேனீயே இல்லை என்பது கதையின் பெருமிதம். ஐரிஷில் தேனீக்குத் தனிச்சொல் இருப்பதையும், ஏழாம் நூற்றாண்டிலேயே தேனீக்களுக்கென்று தனிச் சட்டநூல் இருந்ததையும் வைத்துப் பார்த்தால் இதைக் கதையாகவே ரசிக்க வேண்டும்.

‘க்வென்ட்டின் தேனீ’ என்று அழைக்கப்பட்டவர் யார்?

அகஸ்டா ஹால் (1802–1896), லேடி லானோவர் என்று அறியப்பட்டவர். தென்கிழக்கு வேல்ஸின் க்வென்ட் பகுதியைச் சேர்ந்தவர். 1834இல் கார்டிஃபில் நடந்த எய்ஸ்தெத்வோட் கலைவிழாவில், வெல்ஷ் மொழியையும் வெல்ஷ் பெண்களின் உடையையும் காக்க வேண்டும் என்று எழுதிய கட்டுரைக்குப் பரிசு பெற்றார். அப்போது அவர் சூடிக்கொண்ட புனைபெயர் ‘க்வெனனென் க்வென்ட்’. செல்வக் குடும்பங்கள் வெல்ஷை ஒதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் தம் மாளிகையில் வெல்ஷ் பேசும் பணியாளர்களை வைத்து, யாழிசையை வளர்த்து, ஓய்வில்லாமல் உழைத்தார். கூட்டப்பெயரை எடுக்காமல் ஒற்றைத் தேனீயின் பெயரை அவர் எடுத்துக்கொண்டது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தேன், தேனீ சார்ந்த வழக்குகள் வேறு உண்டா?

ஒன்று சொல்கிறேன்: பிடிக்காதவருக்கு நேர்ந்த சறுக்கலைக் கண்டு உள்ளூர மகிழ்ந்தால், அது ‘என் விரல்களில் தேன்’ என்பார்கள். இன்னொன்று பெயர்: இடைக்கால வெல்ஷ் மரபு ஒன்று, பிரிட்டன் தீவு முழுவதற்குமே ஒரு காலத்தில் ‘தேன் தீவு’ என்று பெயர் இருந்ததாகச் சொல்கிறது.

வீட்டில் யாராவது இறந்தால் தேனீக்களிடம் போய்ச் சொல்வார்கள் என்பது உண்மையா?

உண்மை. வேல்ஸ், கார்ன்வால் உட்படப் பிரிட்டனின் பல பகுதிகளில் இருந்த வழக்கம். கூட்டை மெல்லத் தட்டி, வீட்டுத் தலைவர் இறந்த செய்தியைச் சொல்வார்கள். கறுப்புத் துணியும் கட்டுவதுண்டு. சொல்லாவிட்டால் தேனீக்கள் இறந்துவிடும் அல்லது கூட்டைவிட்டுப் போய்விடும் என்ற நம்பிக்கை. தேனீக்கள் வீட்டாரில் சேர்த்தி. துக்கச் செய்தி உறவுக்குப் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொள்ள வேண்டுமானால்?

‘தோட்டத்தில் தேனீக்கள் இருக்கின்றன’ என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். வெல்ஷில்: ‘மாய் க்வெனின் அன் அர் ஆர்த்’. கார்னிஷில்: ‘இமா க்வெனென் இன் லொவார்த்’. வெல்ஷ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். அகராதியில் தோட்டம் ‘கார்த்’. அதுவும் ‘ஜி’யில் தொடங்கும் பெண்பால் பெயர், சுட்டுக்குப் பின்னால் வந்ததும் முதலெழுத்தை இழந்து ‘ஆர்த்’ ஆகிவிட்டது. அதே வாக்கியத்தில் தேனீக்கள் மட்டும் தங்கள் ‘ஜி’யை விடாமல் நிற்கின்றன, முன்னால் சுட்டு இல்லாததால். சுட்டு வந்தாலும் விடமாட்டா, கூட்டமாக இருப்பதால்.